பேர்கனுக்கு இழுத்துப் போன சமையலறை

கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள் நான் பிள்ளையாரின் இருபத்தொரு நாள் பெருங்கதை விரதத்துக்குக் காப்புக் கட்டினேன். அதே வாரம்தான் மலைக்கு அப்பால் பேர்கனில் இருக்கிற மகளுக்கு நாள் நெருங்கிவிட்டதென்று மருமகன் போன் எடுத்தார். தலைப்பிள்ளை. பத்தியச் சரக்கு அரைத்துக் கொடுக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் தாய் போகாமல் யார் போவது? மனைவி பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டாள். மகள் என்னையும் வரச்சொன்னாள். அம்மாவோடு நீங்களும் வந்து நிற்கவேணும் அப்பா என்றாள்.

எனக்கும் போக ஆசைதான். ஆனால் பிள்ளை பிறந்த வீடு துடக்கு வீடு, தீட்டு. மகளின் வீடோ ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும். நான் குளித்து முழுகி, சுத்தமான அடுப்பில் சமைத்து, ஒரு நேரம் மட்டும் சாப்பிடுகிற விரதகாரன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒரு வருசமும் அந்த விரதத்தை விட்டதில்லை. போனால் விரதம் கெடும், போகாவிட்டால் மகள் மனம் நோவாள். இரண்டையும் கெடுக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் வேலைத்தலத்தில் ஒருவரிடம் கரவான் இருந்தது, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வீடு. இந்தக் குளிர் மாரியில் சும்மாதான் நிற்கிறது, கொண்டுபோ என்றார். உள்ளே அடுப்பு, கட்டில், சின்னத் தொட்டி எல்லாம் இருந்தன. மகளின் வாசலில் அதை நிறுத்தினால் மனைவி உள்ளே, நான் வெளியே. என் சமையல் என்னோடு, விரதமும் கெடாது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. நாங்கள் இருக்கிற ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்கு எந்த வழியால் போனாலும் நடுவில் மலை. சம்மரில் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம், மாரியில் அப்படியில்லை. ஒஸ்லோவிலேயே ஹவுகெட்டோவில் இருக்கிற என் மச்சான், மனைவியின் தமையன், ஹர்டாங்கர் மலையால் போ, அதுதான் கிட்ட என்றார். அவர் அந்த வழியால் போனது ஆடி மாதத்தில். அங்கே மேலே மரமே கிடையாது, காற்று அடித்தால் மறைப்பில்லை, கரவானைப் பிரட்டிப் போட்டுவிடும் என்று கரவான்காரர் சொன்னார். ஹவுகெலி மலையால் போகலாமா என்று பார்த்தால் அங்கே செங்குத்தான ஏற்றங்கள். மிஞ்சினது பிலேஃபியெல் மலைவழி. சுற்றுத்தான், ஆனால் மற்ற மலைகள் மூடினாலும் அது மூடுவது குறைவு. அதையே எடுப்போம் என்று சொல்ல மச்சான் சிரித்தார்.

"பிள்ளையாருக்கே ஊர் சுற்ற ஒரு எலி காணும், மச்சான். உனக்கு மட்டும் வீட்டையே இழுத்துக்கொண்டு போகவேணுமோ?"

கோபம் வந்தது. விரதத்தில் கோபப்படக்கூடாது என்று அடக்கினேன். அடக்கினது வேறு இடங்களில் வெளியே வந்தது. கரவானுக்கும் விண்டர் டயர் மாட்டவேண்டியிருந்தது. இருந்த காஸ் குளிருக்கு எரியாது என்று வேறு சிலிண்டர் தேடினேன். குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் எல்லாத் தண்ணீரையும் வடித்துவிட்டேன். பனியில் வழுக்காமல் சில்லுக்குச் சங்கிலி பூட்டிப் பழகினதில் விரல் விறைத்து, கையில் கட்டின காப்புநூலும் கிறீஸில் ஊறிப்போனது. போதாக்குறைக்கு எங்கள் குடியிருப்பின் நிர்வாகக்காரர் வந்து, இங்கே இதை நிறுத்தக்கூடாது என்று கடிந்துவிட்டுப் போனார்.

எல்லாம் ஆயத்தமான பிறகு வானிலை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மலை முழுக்க வானம் வெளித்திருக்கும், காற்றில்லை. செவ்வாயில் பயணம் வெளிக்கிடக்கூடாது என்று மனைவி சொன்னாள், அதுவும் பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பயணம் என்றாள். எனக்கும் மனம் ஒப்பவில்லை. புதன்கிழமை விடிய, தேங்காய் உடைத்துவிட்டு வெளிக்கிட்டோம்.

மலையடிவாரத்துக்கு வர முன்னமே பனி குறுக்காக அடிக்கத் தொடங்கிவிட்டது. பின்னால் கரவான் ஒரு பக்கம் இழுக்கும், நான் மறுபக்கம் பிடிப்பேன். மனைவி வழி முழுக்கத் திருவாசகம் சொல்லிக்கொண்டு வந்தாள். மேலே ஏற முன் வழியை மூடுகிற தடைமரம் இறக்கியிருந்தது. வாகனங்கள் வரிசையாக நின்றன. பனி தள்ளுகிற லொறி முன்னால் போக, மற்றவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகவேண்டும், அதுதான் அங்கே வழக்கம். மஞ்சள் உடுப்புப் போட்ட ஆள் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்ததும் கரவானைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார். இந்தக் காற்றுக்கு அதை விடமாட்டாராம். கார் போகலாம், கரவான் போகாது. நாளைக்கு? நாளைக்கும் இப்படித்தான் இருக்கும் என்றார்.

அந்த நேரம் பார்த்து மருமகனின் போன். மகளுக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.

யாரில் கோபப்படுவது? மலையிலா, அந்த மனிதரிலா, செவ்வாயிலா? திரும்பிப்போய், மனைவியை ரயிலில் ஏற்றிவிடலாம் என்று சொன்னேன். நான் வீட்டில் நின்று விரதத்தை முடிக்கிறேன் என்றும் சொன்னேன்.

மனைவி போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ. உங்களை விரதம் பிடிக்கவேண்டாம் எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்ப சொல்லுறன், அதைக் கழட்டிவிட்டிட்டு வாங்கோ."

கரவானைத்தான் சொன்னாள். ஆனால் அதோடு எது எது கழன்றுபோகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பக்கத்தில் இருந்த தேநீர்க்கடைக்காரரைக் கேட்டு, அவரின் வளவில் அதைத் தள்ளி நிறுத்தினேன். கொழுக்கி உறைந்துபோய் விடமாட்டேன் என்றது. சுடுதண்ணீர் ஊற்றி உதைத்ததில் வாயில் வராத சொல்லெல்லாம் வந்தது. பிறகு வரிசையின் கடைசியில் சேர்ந்தோம். முன்னால் போன காரின் சிவப்பு வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையாரைக் கும்பிடக்கூட எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு செய்தேனே என்ற எரிச்சல்தான் இருந்தது.

பேர்கனுக்குப் போய்ச் சேரும்போது பேரன் பிறந்துவிட்டான். மனைவி ஆஸ்பத்திரி அறைக்குள் ஓடினாள். நான் கதவடியில் நின்றேன். அங்கே நின்றால் துடக்குப் படாது என்று எனக்குள் இன்னும் ஒரு கணக்கு. தாதி என்னைக் கண்டுவிட்டு, தாத்தாவா என்று நொஸ்க் மொழியில் கேட்டாள். ஓம் என்றேன், தமிழில். அவளுக்கு என்ன விளங்கினதோ, பிள்ளையைத் துணியோடு தூக்கி வந்து என் கையில் வைத்துவிட்டாள். மகள் கட்டிலில் எழும்பப் பார்த்தாள். என் விரதம் அவளுக்குத் தெரியும். "ஐயோ, அப்பாட்டைக் குடுக்கவேண்டாம்" என்றாள்.

"பரவாயில்லை, படு பிள்ளை" என்றேன்.

அன்று மகளின் வீட்டு அடுப்பில் மருமகன் காய்ச்சின சோற்றைத்தான் சாப்பிட்டேன். உப்புக் கூடிவிட்டிருந்தது. காப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இந்த வருசம் இவ்வளவுதான் என்று பிள்ளையாரிடம் சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.