இரண்டு மாத்திரை அட்டைகள்

பெண் பிறந்தபின் ஏழெட்டு மாதம் நான் நானாக இல்லை. குழந்தை அழுதால் கூடவே அழுதேன். சில நாள் அவளைத் தூக்கவே பயந்தேன். இன்னொரு முறை அந்தக் கிணற்றில் விழ முடியாது என்றுதான் கரியாஹாட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கருத்தடை மாத்திரை எழுதி வாங்கினேன். இருபத்தொரு நாள் தினம் ஒன்று, பிறகு ஏழு நாள் இடைவெளி. அந்த இடைவெளியில் மாதவிலக்கு வரும். கருமுட்டை வெளிவராமல் தடுப்பதுதான் மாத்திரையின் முக்கிய வேலை என்று படம் வரைந்து காட்டினார். என் கணவருக்கு இது தெரியும். பேரனுக்குக் காத்திருந்த மாமியாருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது கணவரின் ஏற்பாடு.

நாத்தனார் கல்யாணத்துக்கு முன், மாமியாரோடு நாங்கள் இருக்கும் பெஹாலா வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை வைத்தார்கள். பத்து நாள் முன்பே மாமியார் வேறொரு அட்டையை நீட்டினார். விலக்கைத் தள்ளிப்போடும் இந்த மாத்திரைக்கு எங்கள் வீடுகளில் டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. ஒரு மாமி இன்னொரு மாமிக்குச் சொல்வதுதான்.

“இன்னிலேர்ந்து மூணு வேளையும் போட்டுக்கோடி. அன்னிக்கு நீ தூரமாயிட்டா யாரு பரிமாறறது?”

வேண்டாம் என்றால் ஏன் என்பார். வாங்கிக்கொண்டேன். இதுவும் ஹார்மோன், அதுவும் ஹார்மோன். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? இதுவே இரண்டு வேலையையும் பார்த்துக்கொள்ளும் என்று நானே முடிவுகட்டி, என் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினேன். வங்கியில் ஒரு வரி விடாமல் படித்த பிறகே கையெழுத்துப் போடுகிற மகா புத்திசாலி நான்.

பிரார்த்தனை நன்றாக நடந்தது. நமஸ்காரம் செய்தபோது ஒவ்வொரு மாமியும், அடுத்தது பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று வாழ்த்தினார். தள்ளிப்போடும் மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் விலக்கு வந்துவிட வேண்டும். பத்து நாளாகியும் வரவில்லை. அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அது நாளைத் தள்ளத்தான், கர்ப்பத்தைத் தடுக்கும் என்று அதை நம்ப முடியாது என்றார் வங்க மொழியில். உன் மாத்திரையையே இடைவெளி விடாமல் அடுத்த அட்டைக்குத் தொடர்ந்திருந்தால் போதுமே, ஒரு போன் பண்ணக் கூடாதா என்றார். எங்கிருந்து பண்ணுவது? அந்த வீட்டில் சுவருக்கும் காது உண்டு, வங்கியில் பக்கத்து மேஜைக்கும் உண்டு.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். அந்த வாரம் முழுவதும் கணவர் என்னைவிட வாடிப்போனார். சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் அவரைத் தேற்றினேன். பாவம், நான் பட்டதைக் கிட்டே இருந்து பார்த்தவர் அல்லவா?

இரண்டாவது முறையும் இல்லை என்றே வந்தது. மறுநாள் விலக்கும் ஆனது. இனி மாத்திரை வேண்டாம், கருப்பைக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வதாக முடிவுசெய்து, விலக்கானதையும் சேர்த்துக் கணவரிடம் சொன்னேன். அவர் நீளமாக மூச்சு விட்டார்.

“அப்பாடா. உண்டாயிருந்து, நீ வேண்டாம்னு சொல்லியிருந்தா, அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லியிருப்பேன்?”

இத்தனை நாளும் அவர் எனக்காகப் பயந்தார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.