நூல் இருக்கு, கோக்கலை

அம்மாவின் போனில் பதினொரு சதவீதம் சார்ஜ். நூலகம் மூட நாற்பது நிமிடம். மகள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். அம்மா வழக்கமாக உட்காரும் இடம் அதுதான் என்று நூலகர் காட்டியிருந்தார்.

அம்மா அடுத்த தெருவில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தார் இடுப்பளவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தன் போன் நம்பரை மட்டும் பார்த்துத்தான் சொல்வாள். டேட்டா தீர்ந்துபோன நாட்களில் மதியம் இங்கே வந்து, இலவச வைஃபையில் வெளியூரிலிருக்கும் மகளை வீடியோவில் கூப்பிடப் பார்ப்பாள். ஒருநாளும் கிடைத்ததில்லை. பிறகு சாதாரண காலில் புகார் வரும்.

"நூல் இருக்குடி, ஊசியில கோக்கலை."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா. எத்தன தடவ சொல்றது?"

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் மகளுடைய பிழைப்பு.

அம்மா இறந்துபோய் இருபது நாள். அதற்கு முந்தின மதியம் மூன்றே காலுக்கு இங்கிருந்து மகளுக்கு அனுப்பிய குரல் செய்தி ஒன்று, பக்கத்தில் கடிகாரக் குறியோடு, இன்னும் போகாமல் நிற்கிறது. தன் போனிலிருந்து நெட் கொடுத்தால் அரை நிமிட வேலை. ஆனால் அன்றைக்கு ஏன் போகவில்லை? அது தெரியாமல் எழுந்து போக அவளுக்கு மனம் வரவில்லை.

சிக்னல் முழுசாக இருந்தது. ஆனாலும் 'இணைந்துள்ளது, இன்டர்நெட் இல்லை.' பெயர் கேட்கும் நுழைவுப் பக்கம் வரவே இல்லை. இணைப்பை நீக்கி மறுபடி சேர்த்தாள். போனை அணைத்துப் போட்டாள். ஏழு சதவீதம்.

"இன்ஜினியர் வந்தும் நெட் வரலையா?" என்றார் நூலகர். "எல்லாருக்கும் வருதும்மா, உங்கம்மாவுக்கு மட்டும்தான் அடம் பிடிக்கும். 'எம்பொண்ணு வந்தா ஒரு தட்டு தட்டுவா சார், சரியாயிடும்'பாங்க."

எல்லாருக்கும் வருகிறது. அப்படியானால் கோளாறு போனில்.

செட்டிங்ஸில் உள்ளே உள்ளே போனாள். 'பிரைவேட் டிஎன்எஸ்': இணையத்தில் போகுமிடத்துக்குப் போன் யாரிடம் வழி கேட்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு. அதில் ஒரு முகவரி. போன வருடம் அவளே போட்டது. மோசடிப் பக்கங்கள் அம்மாவை அண்டக் கூடாதென்று, இந்த ஒரு இடத்தைத் தவிர யாரிடமும் வழி கேட்காதே என்று போனுக்கு இட்ட உத்தரவு. நூலகத்து வைஃபையோ தன்னிடம் வழி கேட்கிறவர்களுக்குத்தான் வாசலை, அந்த நுழைவுப் பக்கத்தை, காட்டும்.

நூல் இருந்திருக்கிறது. ஊசிக் காதை அடைத்தது அவள்.

அதை அணைத்தாள். நுழைவுப் பக்கம் வந்தது. அம்மாவின் பெயரைக் கொடுத்தாள். மூன்று சதவீதம். கடிகாரக் குறி மறைந்தது. பைக்குள் அவளுடைய போன் அதிர்ந்தது. காதில் வைத்தாள்.

"ஏண்டி, நீ சொன்னதெல்லாம் பண்ணிட்டேன், கோக்க மாட்டேங்குது. என் கையிலதான் ஏதோ கோளாறு. திட்டாத. நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்."

அம்மாவின் போன் அணைந்தது.

"சரியாயிடுச்சா? என்னவாம்?" என்றார் நூலகர்.

"அவங்க கையில ஒண்ணுமில்ல சார்."