சார்ஜ் கொடுக்காத பீரோ

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எது நடந்தாலும் இதில் யார் கைவரிசை என்றுதான் முதலில் பார்ப்பேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் ரெக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த சிங்காரவேலு சார் திடீரென்று இறந்துபோனதால் கிடைத்த வேலை. எந்தச் சாமானுக்குப் பளபளப்புப் பூச்சை எந்த அளவில் கலக்க வேண்டும் என்ற அட்டைகள் எல்லாம் ஒரு இரும்பு பீரோவில் இருந்தன. அட்டை வராமல் கலவை ஓடாது. அவர் போனதிலிருந்து பீரோவை யாரும் திறக்கவில்லை.

முதல் நாள் காலை நான் திறக்கப் போனால், சாவி சுற்றுகிறது, கைப்பிடி திரும்புகிறது, கதவு மட்டும் வரவில்லை. அன்று காலைத் தபாலில்தான் ஊறுகாய் ஜாடிக்கு ஒரு ஆர்டர் வந்திருந்தது. மேனேஜர், "சாயங்காலத்துக்குள்ள அட்டை வரலைன்னா நாளைக்கு நீ வராதம்மா" என்று சொல்லிவிட்டார். வீட்டில் என்னை நம்பி மூன்று பேர்.

ஃபிட்டர் அந்தோணி எண்ணெய் விட்டார், கீலைத் தட்டினார், சாவியைத் தேய்த்துப் பார்த்தார். எனக்கு அவர்மேலேயே சந்தேகம், ஏனென்றால் அவர் மச்சானும் இந்த வேலைக்கு மனுப் போட்டிருந்தார். கடைசியில் அவர், "சார்ஜ் பேப்பர்ல 'ஒப்படைத்தேன்'னு சிங்காரவேலு சார் கையெழுத்து இல்லியேம்மா. அவரு வூட்லயாவது வாங்கிட்டு வாங்க" என்றார். செத்தவர் எப்படிப் போடுவார் என்று, பொறுப்பை ஒப்படைக்கும் அந்தப் பேப்பரில் ஆபீசில் அவர் இடத்தை அப்படியே விட்டிருந்தார்கள். என்னைக் கிளப்பிவிடப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன், ஆனால் வேறு வழியில்லை. பீரோ இருந்த அறையை என் சொந்தப் பூட்டால் பூட்டி, அந்தச் சாவியையும் பீரோ சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டு, சார் வீடு இருந்த கம்மாபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

பேப்பரைப் பார்த்ததும் சாரின் மனைவி அழுதுவிட்டார். "ஆஸ்பத்திரியிலகூட சார்ஜ் குடுக்கலியேன்னுதான் பொலம்பிக்கிட்டு இருந்தாரு" என்று சொல்லி, அவருக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது என் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. மேனேஜரும் அந்தோணியும் பார்த்துக்கொண்டிருக்க, பீரோவில் சாவியைத் திருப்பினேன். கதவு லேசாக வந்துவிட்டது. எண்ணெய் இப்போதுதான் இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே நூற்றுக்கணக்கான அட்டைகள் வரிசையாக நின்றன. ஒன்றை மட்டும் யாரோ பாதி வெளியே இழுத்து வைத்திருந்தார்கள். ஊறுகாய் ஜாடி அட்டை.

"நான் தொடலம்மா" என்றார் அந்தோணி. நான் அவரைக் கேட்கவே இல்லை. வேலை தப்பியது. ஆனால் அதை இழுத்து வைத்தது யார் என்று சந்தேகப்பட, இன்றுவரை எனக்கு உயிரோடு ஒரு ஆள் கிடைக்கவில்லை.