அத்திம்பேரின் தொடைத் தசை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று நான்கு பேர் விசாரித்தீர்கள். நான்கே பேர். இத்தனை வருஷம் எழுதியதற்கு... சரி, அதை விடுங்கள்.

அக்கா பெண் வித்யாவின் கல்யாணம். திருவனந்தபுரம் கோட்டைக்குள், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மண்டபம். சமையல்காரர், மேளக்காரர், சம்பந்தி என்று மூன்று பேருக்கும் நடுவில் நாலு நாள் ஓடிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது கல்யாணத்தைப் பற்றி அல்ல. பெண்ணைப் பெற்றவரின் தொடையைப் பற்றி.

சிரிக்காதீர்கள். பத்து மாதமாக எங்கள் குடும்பமே அந்தத் தொடைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

பெண்ணைப் பெற்றவர் என்றால் என் அக்கா கணவர். எங்கள் வீட்டு வழக்கப்படி அத்திம்பேர். தராசு, எடைக்கல், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் சோதித்து சீல் வைக்கிற அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். சாலைக் கடைத்தெருவில் அவர் ஸ்கூட்டர் நுழைந்தாலே வியாபாரிகள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். ஊர் எடையை எல்லாம் சரிபார்த்த மனுஷர், தன் எடையை மட்டும் கவனிக்கவில்லை. நூற்று இருபத்தெட்டு கிலோ. சர்க்கரை, முழங்கால் வலி, குறட்டை — எல்லாம் உண்டு. வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் மூன்று வருஷமாகச் சொல்லியும் கேட்கவில்லை.

கேட்க வைத்தவர் எங்கள் வீட்டுப் புரோகிதர், வாத்தியார்.

நிச்சயதார்த்தத்தன்று கல்யாண விவரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தத்தில் பெண்ணின் அப்பா நெல் மூட்டை மேல் உட்காருவார். பெண் அவர் மடியில் உட்காருவாள். அப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். வாத்தியார் அத்திம்பேரை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியில் அத்திம்பேர் உட்கார்ந்திருந்தார், அவர் மடியில் அவர் வயிறு உட்கார்ந்திருந்தது.

"எல்லாம் சரிதான் ஓய். பொண்ணு எங்கே உக்காருவா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அத்திம்பேரும் சிரித்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மருத்துவம் சாதிக்காததை மானம் சாதித்தது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வாரத்துக்கு இரண்டு கிலோ வீதம் மனுஷர் கரைய ஆரம்பித்தார். வீட்டில் எடை பார்க்கும் மிஷின் இருந்தது, ஆனால் சீல் இல்லாத மிஷினில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். தினம் காலையில் சாலைக் கடைத்தெருவில் செல்லையாவின் அரிசி மண்டிக்குப் போவார். அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு, சர்வீஸில் அவர் கடைசியாக சீல் வைத்தது. செல்லையா திருநெல்வேலிக்காரர், மரியாதைக்காரர்.

"சாமி, போன வாரத்துக்கு ரெண்டு கிலோ கம்மில்லா. இப்படியே போனா அடுத்த வருசம் காத்துல பறந்துருவிய."

அத்திம்பேருக்கு அதைக் கேட்டால்தான் காபி இறங்கும். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் வேறு, "பாதி ஆயிட்டேளே மாமா" என்று ஆச்சரியப்பட்டார்கள். போன பாதி எது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

கேட்டது ஆஸ்பத்திரி மிஷின். மூன்றாம் மாதம் செக்கப்புக்கு அவரை அழைத்துக்கொண்டு போனவன் நான். ஆஸ்பத்திரியில் ரெம்யா என்று ஒரு டயட்டீஷியன். சின்னப் பெண், மலையாளி. வெறுங்காலோடு ஒரு இரும்புத் தகட்டின் மேல் நிற்கச் சொன்னாள். இரண்டு கையிலும் கைப்பிடி. உடம்புக்குள் துளி மின்சாரம் போகுமாம், தெரியவே தெரியாதாம். ஒரு நிமிஷத்தில் சீட்டு வந்தது. கொழுப்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, தசை இவ்வளவு. வலது கால், இடது கால் என்று தனித்தனியாக வேறு.

"அங்கிளே, இருபத்திரண்டு கிலோ குறஞ்ஞு. கொள்ளாம். பட்சே அதில எட்டு கிலோ மசிலாணு."

அதாவது, இறங்கியது நல்லதுதான், ஆனால் அந்த இருபத்திரண்டில் எட்டு கொழுப்பு அல்ல, தசை. கொஞ்சம் தசை போகத்தான் செய்யுமாம், இவ்வளவு போகக் கூடாதாம். முக்கியமாகக் கால்கள் இளைத்துவிட்டன. புரோட்டீன் சாப்பிடுகிறீர்களா, நடக்கிறீர்களா என்று கேட்டாள். அத்திம்பேர் அவளை அளந்து பார்த்தார்.

"இந்த மிஷினுக்கு சீல் உண்டோ?"

"என்ன சீல் அங்கிள்?"

"அப்பொ இதை நான் நம்பணும்னு ஒண்ணுமில்லையாக்கும்."

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டவர்தான், அக்காவிடம் காட்டவே இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த புரோட்டீன் பவுடர் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறதென்று கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். செடி பிரமாதமாக வளர்ந்தது. முட்டை வெள்ளைக் கருவாவது... என்று ரெம்யா முன்பு ஒருமுறை ஆரம்பித்தபோது அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். ஆக, இரண்டு ஸ்பூன் ரசம் சாதம், அரை டம்ளர் மோர். பிரதோஷம், ஏகாதசி, சஷ்டி வந்தால் அதுவும் இல்லை. எடை குறையக் குறைய விரதமும் கூடிக்கொண்டே போனது. புண்ணியத்துக்குப் புண்ணியம், கிலோவுக்குக் கிலோ.

ஆறாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பழவங்காடி பிள்ளையார் சந்நிதியில் அத்திம்பேர் தோப்புக்கரணம் போட்டார். இரண்டு நல்லபடி ஆயிற்று. மூன்றாவதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காதைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். பக்தி முற்றிவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"தூக்கு டா. கால் வரமாட்டேங்கறது."

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. சீட்டும் அகப்பட்டது. அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தன்னைத் தூக்கவே முடியலை. பொண்ணைத் தாங்கப் போறேளா? ரெண்டு பேருமா மணையில விழுந்து வெச்சா யார் பதில் சொல்றது? உங்க அண்ணாவை மடியில வெச்சுக்கச் சொல்லலாம். அவர் பலமாத்தான் இருக்கார்."

அத்திம்பேர் தன் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். எதற்காக வயிற்றை வெட்டிக்கொண்டாரோ அதுவே கையை விட்டுப் போகிறது. இப்போது மடி இருக்கிறது, மடியில் பலம் இல்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. கடைசியில் வித்யாதான் சமாதானம் செய்தாள். அடுத்த பரிசோதனையில் கால் தசை கூடியிருந்தால் அப்பா, இல்லாவிட்டால் பெரியப்பா.

பரிசோதனைக்கு இரண்டே வாரம் இருந்தது. இரண்டு வாரத்தில் தசை எங்கிருந்து வளரும்? ஆனால் எங்கள் அத்திம்பேர் முப்பது வருஷம் எடையோடு வாழ்ந்தவர். எடையைக் கூட்ட என்னென்ன வழி உண்டு என்று அவருக்குத் தெரியாதா?

அன்று காலை ஆறு மணிக்கே எழுந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருக்கிறார். சுருக்கிய வயிறு, ஒரேயடியாகக் குடிக்க முடியாது. மடக்கு மடக்காக, மூன்று மணி நேரம். ஆட்டோவிலும் பாட்டில். சோதனைக்கு முன்னால் எதுவும் குடிக்கக் கூடாது, பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும் என்று அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். இவர் எல்லாவற்றையும் நேர்மாறாகச் செய்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"நனைஞ்ச மிளகு ஜாஸ்தி நிறுக்கும்னு உனக்குத் தெரியாதா? தண்ணி உள்ளே இருந்தா தசைக்கு நல்லதாக்கும். நீ சும்மா இரு."

மிளகில் தண்ணீர் தெளித்து எடை கூட்டியவர்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார் இந்த மனுஷர்? இப்போது தன்னையே நனைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மிஷினில் ஏறினார். சீட்டு வந்தது. ரெம்யா பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"அங்கிள், வெயிட் ஒரு கிலோ கூடி. மசில் ஒண்ணும் கூடியில்ல. கூடியது முழுக்க கொழுப்புன்னு காட்டுது. வெள்ளம் குடிச்சிட்டு வந்தீங்களா?"

வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர். குடித்த தண்ணீர் வயிற்றிலும் மூத்திரப் பையிலும் நிற்கும்போது மிஷின் அதைத் தசையில் சேர்ப்பதில்லையாம், கொழுப்புத் தலையில் கட்டிவிடுமாம். பாத்ரூம் போய் வரச் சொன்னாள். அவர் போன வேகத்தில் அந்தக் கால்களில் தசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திரும்பி வந்து ஏறினார். எடை இறங்கியிருந்தது. கூடிய கொழுப்பையும் காணோம். தசை அதே பழைய இளைப்பில் அப்படியே நின்றது.

லிஃப்டில் இறங்கும்போது சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கீழே வந்ததும் சொன்னார்:

"நல்ல மிஷின் டா."

கையும் களவுமாகப் பிடித்த பிறகுதான் அவருக்கு அதன் மேல் நம்பிக்கை வந்தது. அவ்வளவு காலம் பிடிக்கிற பக்கத்தில் இருந்தவர் அல்லவா.

வித்யா கல்யாணத்துக்கு முந்தின கடைசிப் பரிசோதனை வரை தவணை கொடுத்தாள். மறுநாள் முதல் வேறு ஆள். பனீர், பயறு, சுண்டல், அந்தச் சுண்ணாம்புப் பவுடர் எல்லாம் ரெம்யா எழுதிக்கொடுத்தபடி. கறிவேப்பிலைச் செடி வாடிவிட்டது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து... காலையில் இருபது, சாயங்காலம் இருபது. அப்புறம் செல்லையா மண்டிக்குப் போய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து இன்னொரு சின்ன அரிசிச் சிப்பத்தை மடியில் வாங்கிக்கொள்வார். முதலில் பத்து கிலோ. பிறகு இருபத்தைந்து. அதற்கு மேல் செல்லையா தர மறுத்துவிட்டார்.

"அரிசி விழுந்தா அள்ளிக்கிடலாம் சாமி. நீங்க விழுந்தா நான் அம்மாவுக்கு என்ன சொல்லுவேன்?"

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு கடைசிப் பரிசோதனை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் போனார். இரண்டு காலிலும் சேர்த்துக் கூடியிருந்தது அறுநூறு கிராம். தசை மெதுவாகத்தான் வரும், இதுவே பெரிய காரியம் என்றாள் ரெம்யா. அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"அறுநூறு கிராமா? ஒரு நேரத்துக்குக் காய் நறுக்கக்கூட போறாது."

ஆனால் கூடியது கூடியதுதானே. வித்யா சொன்ன சொல்லை மாற்றவில்லை, அப்பாதான் என்றுவிட்டாள். அன்று சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்தாள்.

"மாமா, பயப்படாதேங்கோ. நான் ஜிம்முக்குப் போறவ. உக்கார்ற மாதிரி உக்காருவேன், வெயிட்டை என் கால்லயே வெச்சுப்பேன். அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. நீங்க பின்னாலேர்ந்து அப்பா முதுகைப் பிடிச்சுக்கோங்கோ, போரும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பெண் கெட்டிக்காரி.

முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு. அத்திம்பேர் பஞ்சகச்சம் கட்டி நெல் மூட்டை மேல் உட்கார்ந்தார். கூறைப்புடவையில் வித்யா வந்தாள். மடியில் மெதுவாக இறங்கினாள். நான் பின்னால் நின்று முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். சொன்னபடியே அவள் பாதி எடையில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. புடவைக்குள் முழங்கால் விறைத்திருந்தது. வாத்தியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

அத்திம்பேர் பெண்ணின் காதருகில் குனிந்தார். பின்னால் இருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"என்னடி இது, பாதிதான் வந்திருக்கு. மீதி எங்கே?"

"அப்பா, சும்மா இரு. எல்லாரும் பார்க்கறா."

"பாக்கட்டும். முழுசா உக்காரு."

"உன்னால முடியாதுப்பா."

"முடியாட்டா பரவாயில்லை. இன்னிக்கு விட்டா அப்பறம் எப்போ உக்காரப் போறே? உக்காரு."

வித்யா உட்கார்ந்தாள். ஒரு கிராம் பாக்கி வைக்காமல். அத்திம்பேரின் முதுகு என் கையில் ஒரு உலுக்கு உலுக்கியது. வேட்டிக்குள் தொடை இரண்டும் நடுங்குவதை நான் பார்த்தேன். கெட்டி மேளம் கொட்டியது. மூன்று முடிச்சு. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இவ்வளவு நீளம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மனுஷர் அசையவில்லை.

தாலி ஏறியது. வித்யா எழுந்து மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அக்னியை வலம் வரப் போனாள். அத்திம்பேரால் எழுந்திருக்க முடியவில்லை. நான், வித்யாவின் பெரியப்பா, மேளக்காரர் ஒருவர் — மூன்று பேருமாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. முகமெல்லாம் வேர்வை. கண்ணும் நனைந்திருந்தது. அக்கா விசிறிக்கொண்டே கேட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டேளா? அவ உக்காந்தப்போ ரொம்ப வலிச்சுதா?"

அவர் மணமேடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்தப்போ ஒண்ணும் தெரியலை டி. எழுந்து போனா பாரு... அப்பத்தான்."