கட்டத்துக்குள் நிற்காத தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு

கே.கே. நகரில் நான் கணக்கு டீச்சராக இருந்த தனியார் பள்ளியில், போன வருடம் தாளாளருக்கு ஓர் ஆசை வந்தது. பிள்ளைகள் அத்தனை பேரையும் மைதானத்தில் நிறுத்தி, மேலே டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்க வேண்டும். எல்லா வரிசையும் ஒரே நீளம். ஒரு மூலைகூடக் குறையக் கூடாது. அதை ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டுவாராம். எங்கள் ஊரில்தான் ஃபிளெக்ஸ் இல்லாமல் காதுகுத்துகூட நடக்காதே!

படம் எடுக்கும் அன்று வந்திருந்த பிள்ளைகள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பேர். பி.டி. சார் முப்பது முப்பதாக நிறுத்தினார். ஏழு பேர் மிஞ்சினார்கள். முப்பத்தைந்தாக நிறுத்தினார், பதினேழு பேர். வெயில் ஏற ஏற விசில் சத்தமும் ஏறியது. ஒழுங்காக நிற்கத் தெரியாத கழுதைகள் என்று பிள்ளைகளைத் திட்டினார். எனக்கு வந்ததே கோபம்!

"புள்ளைக என்ன சார் பண்ணும்? இது பிரைம் நம்பர். ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. நீங்க எம்புட்டு விசில் அடிச்சாலும் மிச்சம் விழத்தான் செய்யும்."

அவர் நம்பவில்லை. மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினாலே ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதனால் முப்பத்தொன்று வரைக்கும் உள்ள பகா எண்களில் எதுவும் வகுக்கவில்லை என்றால், அதற்கு மேலும் எதுவும் வகுக்காது. சுலபமான வழியையும் சொன்னேன். "மூணு டீச்சர் சேர்ந்து நின்னா ஆயிரம். வரிசைக்கு நாப்பது, இருபத்தஞ்சு வரிசை. நானே வாரேன் சார்."

பக்கத்தில் நின்ற தாளாளர் சிரித்தார். "நடுவுல சேலை தெரிஞ்சா அசிங்கமா இருக்கும் டீச்சர். அஞ்சு பேரை எடுத்துட்டா?"

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. முப்பத்தொன்றுக்கு முப்பத்திரண்டு, அம்சமான கட்டம். யாரை எடுப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. கட்டணம் கட்டாமல் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளில் ஐந்து பேரைக் கைகாட்டினார். அதில் ஒருத்தி என் ஆறாம் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்குப் பின்தெருவில் குடியிருப்பவள்.

"ஏன், ஃபீஸ் கட்டுறவுங்க புள்ளையில ஒண்ணை எடுங்களேன்!" என்று கத்தினேன். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். ஐந்து பேரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார வைத்தார்கள். டிரோன் கிளம்பியபோது அவளும் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தாள்.

ஃபிளெக்ஸ் கட்டிய அன்று அவள் அம்மா வந்தார். மகள் வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் முகமா தெரியும்? வெறும் தலைகள், கீழே 'எங்கள் பிள்ளைகள் அனைவரும்' என்று கொட்டை எழுத்து. அதிலும் அந்த அம்மா தேடினார்.

"எங்க மிஸ் நிக்கிது எம்புள்ள?"

"நிக்கலக்கா. கட்டம் சரியா வரணும்னு வெளிய உக்கார வச்சிட்டாங்க." ஆபீஸுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய கிரவுண்டுல எம்புள்ள ஒருத்தி நிக்க எடமில்லாமப் போச்சா மிஸ்?"