பலசாலிக்குக் கொடுத்த மருந்து

எங்கள் தோட்டத்து லைன் வீடுகளிலேயே பெரிய பலசாலியை நோயாளி என்று சொல்லித்தான், அந்த ஆண்டு, முட்டை தொடக் கூடாத தவக்காலத்தில் எங்கள் வீட்டில் முட்டை அவித்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அந்த அநியாயத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்பது மட்டும் இடையில் மாறியிருக்கிறது.

பலசாலி என் மாமா, அம்மாவின் தம்பி. வயது இருபத்து மூன்று. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்குவார். மதியம் எழுந்து உடம்பை வளர்ப்பார். இரண்டு பெயிண்ட் டின்களில் சிமெண்டை ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் செருகி அவரே செய்த பளு, வீட்டுப் பின்புறம் கிடந்தது. ஈஸ்டர் முடிந்து ஒரு மாதத்தில் ஈப்போவில் ஆணழகன் போட்டி. அதற்காக வாரத்தில் இரண்டு நாள் டவுனில் இருந்த ஜிம்முக்கும் போய்வந்தார். புரோட்டீன் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அங்கிருந்துதான்.

எங்களிடம் நான்கு கோழிகள் இருந்தன. நாளுக்கு மூன்று முட்டை கிடைக்கும். அதுவரை அவை குழம்பில் உடைத்து ஊற்றப்பட்டு, ஏதோ ஒரு துண்டாக எல்லார் தட்டுக்கும் வரும். புரோட்டீன் வந்த பிறகு மூன்றும் மாமாவுக்கே போயின. கோழிக்குத் தீனி போடுவது நான். கூண்டைக் கழுவுவது நான். முட்டையைப் பொறுக்கி வருவதும் நான். எனக்குக் கிடைத்தது, மாமா வெள்ளைக்கருவைத் தின்றுவிட்டுச் சில நாள் ஒதுக்கிவைத்த மஞ்சள்கரு.

“ஏன் மாமாவுக்கு மட்டும்?” என்று கேட்டேன்.

“தசை வளரணும்னா புரோட்டீன் வேணும் பாப்பா,” என்றார் மாமா. “சாப்பிடாம சும்மா கனம் தூக்கிக்கிட்டே இருந்தா, இருக்கிற சதையும் கரைஞ்சிடும்லா. ஜிம்முல அண்ணன் சொன்னாரு.”

அவர் இதைச் சொன்னபோது அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். காலை ஏழு மணிக்கு மலைக்குப் போய், கத்தரியால் கொழுந்து வெட்டி, முப்பது கிலோ மூட்டையைத் தோளில் சுமந்து சரிவில் ஏறி, சாலையில் நின்ற லோரியில் சேர்த்துவிட்டு வந்தவர். நாளுக்கு மூன்று மூட்டை. காலையில் கறுப்புக் கோப்பியும் பிஸ்கட்டும். மதியம் சோறும் கீரையும். இரவில், அப்பாவுக்கு வைத்தது போகக் கருவாடு மிஞ்சினால் கருவாடு. மாமா சொன்ன விதி அந்த வீட்டில் யாருக்கு முதலில் பொருந்தும் என்று நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் ஜிம் அண்ணன் ஒரு குறை கண்டுபிடித்தார். மார்பு சரி, கை சரி, கால் மட்டும் கொக்குக் கால். மாமா இதைச் சொல்லிக் குமுறியது, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டு அத்தைக்குக் கேட்டுவிட்டது.

“ஏன் தம்பி ஜிம்முக்கு நடக்கிற? ஒங்க அக்கா மூட்டைய ரெண்டு மாசம் தூக்கிப் பாரு. காலு தூணு மாதிரி ஆயிடும்!” என்று அத்தை அங்கிருந்தே கத்தினார்.

கேலிக்குச் சொன்னது. மாமா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து, காலை மூட்டை ஒன்றை அம்மா தூக்கினார். மதியத்துக்கு மேல் வந்த இரண்டையும் மாமா தூக்கினார். கொழுந்து வெட்டும் பெண்கள் விடுவார்களா?

“மாப்பிள்ள, இந்தப் பக்கம் இன்னும் ஆறு மூட்ட இருக்கு! அதையும் தூக்கினா ஒலக அழகன் நீதான்லா!”

வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் சேர்ந்து சிரித்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருக்க மாட்டார். தன் மூட்டையைத் தானே சுமக்க முடியாதவளுக்குக் கொழுந்துக் கூட்டத்தில் இடமில்லை. புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்துக்கு மாற்றிவிடுவார். முதுகில் மருந்து டேங்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அந்த நாற்றத்தில் நிற்கும் வேலை. அந்த ஆண்டு இரண்டு பெண்களை அப்படி மாற்றியிருந்தார்கள். ஆனால் அம்மாவின் மூட்டையைத் தம்பி தூக்கியது வேறு விஷயம். அது கசரத், உடற்பயிற்சி.

மாமா முதல் வாரம் நடுச் சரிவில் இரண்டு முறை மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். பிறகு பழகிக்கொண்டு, லோரிக்குப் பக்கத்தில் மூட்டையோடு பத்து முறை உட்கார்ந்து எழவும் ஆரம்பித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் இரண்டு மாதம் செய்ததற்குப் பயிற்சி என்று பெயர். அம்மா பதினெட்டு வருடம் செய்ததற்குப் பெயரே கிடையாது.

இதற்கிடையில் தவக்காலம் வந்தது. எங்கள் லைனில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அந்த நாற்பது நாளும் இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் விட்டுவிடும். நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும் விலக்கு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பல் பூசும் பூசை முடிந்ததும் அம்மா நேராக ஃபாதரிடம் போனார்.

“ஃபாதர், என் தம்பிக்கு ஒடம்பு முடியல. டாக்டர் தெனம் முட்ட சாப்பிடச் சொல்லியிருக்காரு. மருந்து மாதிரி.”

தோட்டத்துக் கோயிலுக்கு ஃபாதர் எப்போதாவதுதான் வருவார். பூசை நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் மாமாவின் முகம் அவருக்குத் தெரியாது. “தாராளமா சாப்பிடட்டும்மா,” என்றார்.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அதுவும் நெற்றியில் சாம்பலோடு. தம்பி மேல் இவ்வளவு பாசமா, பெற்ற மகள் மேல் இவ்வளவுதானா என்று எனக்குக் கொதித்தது. கியா பார்ம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் கழித்துப்போட்ட கோஸைத்தான் நாங்கள் அந்த நாற்பது நாளும் விதவிதமாகத் தின்றோம். அடுப்பில் மாமாவின் மருந்து மட்டும் தினமும் கொதித்தது. தோலை உரித்துக் கொடுத்ததும் அம்மாதான்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்தோலை ஞாயிறன்று மாமா பூசைக்கு வந்துவிட்டார். உடம்பை இறுக்கிப் பிடித்த புதுச் சட்டை. கோயில் வாசலில் இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பெஞ்சை ஒற்றை ஆளாகத் தூக்கி வெளியே போட்டார். யார் இந்தப் பிள்ளை என்று ஃபாதர் விசாரித்தார். பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைக் காட்டினார்.

“ஓ, ஒங்க தம்பியா? இப்ப ஒடம்பு எப்படிப்பா இருக்கு?”

மாமா விழித்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன்.

“அவருக்கு ஒரு சீக்கும் இல்ல ஃபாதர். எங்க லைன்லயே அவர்தான் ஸ்ட்ராங்கு. முட்டை எல்லாம் போட்டிக்கு!”

வாசலே சிரித்தது. “இந்தச் சீக்கு எங்க வீட்டுக்காரருக்கும் வரக் கூடாதா!” என்றது ஒரு குரல். ஃபாதரும் சிரித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “கனமான வேல செய்யறவங்கள நோன்பு இருக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தலம்மா. மலையில மூட்ட தூக்கிறீங்களே, நீங்கதான் சாப்பிடணும்.”

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், ஃபாதர் வேடிக்கை பேசியதுபோல. அந்த வார்த்தை அப்பாவுக்குக் கேட்டது, மாமாவுக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தீர்ப்புச் சொன்னார். “போதும். லைனே சிரிக்குது. ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தருக்கும் முட்ட கெடையாது.”

“அப்ப நான் மூட்ட தூக்கல,” என்றார் மாமா.

“ஒரு வாரந்தானடா தம்பி,” என்றார் அம்மா.

“இல்லக்கா. புரோட்டீன் இல்லாம தூக்கினா உள்ள காலும் போயிடும். ரிஸ்க்கு.”

அம்மா இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார். மாமா அசையவில்லை. முட்டையில்லாமல் ஒரு வாரம் செய்யப் பயந்த வேலையை, பதினெட்டு வருடம் முட்டையில்லாமல் செய்தவரிடமே அவர் அப்படிச் சொன்னார். அதில் அவருக்கு வெட்கமில்லை, அப்பாவுக்கு உறுத்தலில்லை. எனக்கோ வெற்றி. ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்பதை நான் நியாயம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நானும் ஜிம்முக்குப் போகிறேன். பயிற்சி சொல்லித் தரும் பெண் முதல் நாள் என்னைப் பளுவைத் தொட விடவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். நாற்பதை நெருங்கும் பெண்ணுக்குத் தசை தானாகவே குறையத் தொடங்கும். தூக்கினால் மட்டும் நிற்காது, தட்டிலும் ஏதாவது இருக்க வேண்டும் என்றாள். அந்தத் தவக்காலத்தில் அம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது.

அந்தக் குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை. பள்ளி விட்டு வரும்போது சாலையோரம் லோரி நின்றது. அம்மா சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் அரை மூட்டை. அதை லோரியில் போட்டுவிட்டு, திரும்ப இறங்கிப் போய், மீதி அரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கையைத் தொடையில் ஊன்றி ஏறினார். எடை போட்ட கங்காணி நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, ரெண்டு நடை? முழு மூட்ட தூக்க முடியலயா?”

“மழைக் கொழுந்துங்க. நனைஞ்சு கனக்குது,” என்றார் அம்மா.

கங்காணி வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. தவக்காலம் முடிய இன்னும் சில நாள்கள் இருக்கும்போதே அம்மா இரண்டாவது பொய்யையும் சொல்லிவிட்டாரே என்று, அன்று எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.