மூன்றாவது கயிறு

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தப் பாலத்தடியில் என் முன்பல் இரண்டு போனது பொய்யில்லை. மற்றதும் பொய்யில்லை.

1945 மார்ச். ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே ரஷ்யர்கள் எங்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெண்டலின், ஜெர்மன் ராணுவத்தில் லாரி டிரைவர். லாரி நிறையக் காயம்பட்டவர்கள். அதில் ஒருவன் லுட்கர், என் தங்கை புருஷன். வயிற்றில் குண்டு. ஆற்றைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. தாண்டாவிட்டால் என் தங்கை விதவை.

பாலமோ ஹிட்லரின் தனிப்படையான எஸ்.எஸ். கையில். அவர்களுக்கும் ராணுவத்துக்கும் எலியும் பூனையும்தான். எங்கள் கர்னல் ரோடேக்கர் "பின்வாங்கு" என்பார். பின்வாங்குகிறவனை அவர்களுடைய மேஜர் கெர்லாக் தூக்கில் போடுவான். நாங்களும் உத்தமர்கள் இல்லை. கிராமங்களை நாங்களும் கொளுத்தியிருக்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. எங்களில் அதிகாரியை "ஐயா" போடாமல் கூப்பிட்டால் தொலைந்தோம். எஸ்.எஸ். காரர்கள் யாரையும் "ஐயா" என்பதில்லை. வெறும் பதவிப் பெயர்தான், அதில் அவர்களுக்கு ஒரு திமிர். அதைக் கேட்டாலே கர்னலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று விடியற்காலையில் கர்னல் சொன்னார்:

"நான் முன்னாடி போயி அவன்கிட்ட பேசுறேன். நீ பின்னாலயே வா. ஒருத்தனையும் விட்டுட்டு வராதே."

"சரிங்க ஐயா."

மதியம் பாலத்தடிக்கு வந்தபோது ஒரே பனிமூட்டம். மரத்தில் மூன்று கயிறுகள். இரண்டில் எங்கள் பையன்கள், மார்பில் "கோழை" என்ற அட்டையோடு. மூன்றாவதில் தொங்கியவனின் பூட்ஸ் மட்டும்தான் பனிமூட்டத்தில் தெரிந்தது. நன்றாகப் பாலிஷ் போட்ட பூட்ஸ்.

"பர்மிட் எங்கடா?" என்றான் கெர்லாக்.

"கர்னல் ஐயா வாயால சொன்னாருங்க..."

துப்பாக்கிக் கட்டை என் வாயில் இறங்கியது. பல்லையும் ரத்தத்தையும் துப்பினேன். அவன் ஆட்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஐயாவாம் ஐயா! இன்னொரு கயிறு கொண்டாங்கடா. லாரியை ஆத்துல தள்ளுங்க."

கயிறு என் கழுத்தில் விழுந்தது. லாரிக்குள்ளிருந்து லுட்கரின் குரல்.

"மச்சான்... விட்டுடாதே மச்சான்..."

அப்போதுதான் கேட்டது.

சரக்... சரக்...

பனியில் பூட்ஸ் சத்தம். மரத்துப் பக்கமிருந்து.

கர்னல்!

எனக்கு உயிர் வந்தது. ஆனால்... சட்டைக் காலர் திறந்திருந்தது. அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கழுத்தில் அடையாளத் தகடு.

பாதித் தகடு.

ஆள் செத்தால்தான் தகட்டை நடுவில் உடைப்பார்கள். ஒரு பாதி பிணத்தோடு. மறு பாதி பட்டாளத்துக்கு.

"வழி விடு." குரல் கரகரத்தது.

கெர்லாக் சுட்டான். டப்... டப்... டப்...

கோட்டில் மூன்று ஓட்டை. ரத்தம் இல்லை. அவருக்குப் பின்னால் நின்ற எஸ்.எஸ். காரன் ஒருவன்தான் அலறி விழுந்தான்.

கர்னல் நிற்கவில்லை.

கெர்லாக்கின் தொண்டையைப் பிடித்தார்.

நறநற...

"சரிங்க... ஐயா."

சொன்னது கெர்லாக்!

தடுப்புக்கட்டை உயர்ந்தது. கயிற்றைப் பிய்த்து எறிந்துவிட்டு லாரியை விரட்டினேன்.

அக்கரையில் பிராண்டிஸ் ஓடிவந்தார். காலையில் கர்னலோடு முன்னாடி போன உதவி அதிகாரி.

"உன்னை எப்படிடா விட்டான்?"

"கர்னல் ஐயாவே வந்தாருங்க."

பளாரென்று அறைந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"விளையாடுறியா? காலையிலயே என் கண்ணு முன்னாடி அவரைத் தொங்கவிட்டானுங்கடா. தகட்டை உடைச்சது நான்தான். அப்புறம்தான் என்னை இந்தக் கரைக்கு விரட்டினானுங்க."

உள்ளங்கையை விரித்தார். அதில் மறு பாதி.

லுட்கர் பிழைத்துக்கொண்டான். இன்றும் இருக்கிறான்.

போர் முடிந்து கைதி முகாமில் கெர்லாக்கின் ஆள் ஒருவனைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே கெர்லாக் அந்த மரத்துக்கு நடந்தானாம். நான்கு பேர் பிடித்தும் நிறுத்த முடியவில்லையாம். "சரிங்க ஐயா... சரிங்க ஐயா..." என்றபடியே ஸ்டூலில் ஏறினானாம்.

மூன்றாவது கயிற்றில் அப்போது யாரும் இல்லை. கர்னலின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

கெர்லாக்கை இறக்கியபோது அவன் கழுத்தில் பாதித் தகடு கிடந்ததாம். அதில் இருந்தது எங்கள் ரெஜிமென்ட் எண்.